வள்ளியின் மறுமொழி: மேடையும் திரையும்

இசை நாடகம் ஒன்று திரைப்படமானால், எத்தனை பாடல்கள் தப்பின, எத்தனை வெட்டுண்டன என்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன விமர்சன முறை. ராகம் மாறியதா, சுருதி இறங்கியதா, பாடியவர் பழைய பாட்டுக்கு நியாயம் செய்தாரா என்று மேலும் சில கேள்விகள் கேட்கலாம். அத்தோடு ஒப்பீடு முடிந்துவிடும். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தையும் அதன் வழியில் வந்த படங்களையும் பேசும்போதும் இந்தக் கணக்கே முன்வந்து நிற்கிறது. ஆனால் பாட்டுக்கணக்கு இந்த நாடகத்தின் மையத்தைத் தொடுவதில்லை என்பது என் எண்ணம். வள்ளி திருமணத்தின் உயிர் அதன் தர்க்கத்தில் இருக்கிறது. திரைக்குப் போகும் வழியில் அந்தத் தர்க்கம் என்னவாயிற்று என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வள்ளியின் கதை நமக்கு மிகப் பழையது. நற்றிணையின் 82-ஆம் பாடலிலேயே முருகனோடு சேர்த்து அவள் பெயர் வருகிறது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் தக்க காண்டத்தின் இறுதிப் படலமாக வள்ளியம்மை திருமணப் படலம் அமைகிறது. அங்கே வேடனாக வரும் முருகன் தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் முதலில் பேரைக் கேட்கிறான். பேரைச் சொல்லாவிட்டால் ஊரையாவது சொல் என்கிறான். அதுவும் இல்லையென்றால் ஊருக்குப் போகும் வழியையாவது காட்டு என்கிறான். கோவை இலக்கியம் பயின்றவர்களுக்கு இந்தக் கேள்விகளின் வேர் உடனே புலப்படும். வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல் என்று திருக்கோவையாரில் வரிசையாக வரும் துறைகள் இவை. தொலைந்த மானைத் தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு ஒருவன் பேச்சுக்கு வாயில் தேடுகிறான். அகத்திணை மரபில் காதலின் முதல் அடி கேள்வியாகத்தான் எடுத்து வைக்கப்படுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இந்த மரபை நன்கு அறிந்த புலவர். அவரது நாடகத்தில் 'காயாத கானகத்தே' என்ற புகழ்பெற்ற பாட்டும் இந்த வினாதல் துறையின் நீட்சிதான். மானைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொள்பவன் எதிரே நிற்பவளையே மானாக்கிப் பாடுகிறான். ஆனால் சுவாமிகள், அவர் வழிவந்த நடிகர்கள் ஆகியோர் கைகளில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கோவையில் தலைவி பேசுவது அரிது, தோழி பேசுவாள். கந்தபுராணத்தில் வள்ளி சுருக்கமாகவே பேசுகிறாள். நாடக மேடையிலோ அவள் எதிர்க்கேள்வி கேட்கிறாள். நாரதர் வந்தால் அவரோடு ஒரு வாதம், வேடன் வந்தால் அவனோடு ஒரு வாதம், விருத்தன் வந்தால் இன்னொரு வாதம். துறவு உயர்ந்ததா இல்லறம் உயர்ந்ததா என்று தொடங்கும் வாதம் தேவாரம், குறள், சித்தர் பாடல், பழமொழி என்று எங்கெங்கோ போய்வரும். கிளி கடியும் பெண்ணுக்கு மூன்று வேதியர்களுக்கு உரிய நாக்கை மேடை கொடுத்துவிட்டது.

*

இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் இன்னும் வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுவார்கள். நோட்டீசில் ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் அவரவர் ஊர்ப்பெயர் இருக்கும். ஒத்திகை கிடையாது. மாலையில் பஸ் பிடித்து வந்து இறங்கி, ஒப்பனை செய்துகொண்டு, மேடையில்தான் ஒருவரை ஒருவர் எதிர்கொள்வார்கள். பாட்டுகளும் காட்சி வரிசையும் எல்லோருக்கும் மனப்பாடம். இடைப்பட்ட வசனம் அன்றிரவு பிறப்பது. பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடுவார், சமயத்தில் வாதத்திலும் ஒரு வார்த்தை சேர்ப்பார். விடிய விடிய நடக்கும்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். யானை வரும், வள்ளி பயந்து கிழவனிடம் அடைக்கலம் கேட்பாள், திருமணம் நடக்கும். ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழி எவருக்கும் தெரியாது. நாரதராக வரும் நடிகர் படித்தவராக இருந்து, வள்ளியாக வருபவர் புதியவராக இருந்தால் வாதம் அரைமணியில் ஓய்ந்துவிடும். வள்ளி கெட்டிக்காரியாக இருந்தால் நாரதர் திணறுவதை ஊரே பார்க்கும்.

அப்படியானால் மூலம் எது? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சுவாமிகளே இந்தக் கட்டற்ற பேச்சை முழுமனதோடு ஏற்றவர் அல்லர். பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்காமல் போனதே அவரைச் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பக்கம் திருப்பியது என்று நாடக வரலாற்றில் சொல்லப்படுகிறது. 1918-இல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் பாடம் கேட்டு, எழுதியதை எழுதியபடி சொல்லப் பழகினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தப் பள்ளியில் உருவானவர்கள். ஆகவே எழுதிய ஆசிரியரின் விருப்பம் ஒரு பக்கமும், மேடையில் வளர்ந்த வழக்கம் மறுபக்கமும் நின்றன. வள்ளி திருமணத்தைப் பொறுத்தவரை வழக்கமே வென்றது. பாட்டு சுவாமிகளுடையது, வாதம் நடிகர்களுடையது. இரண்டும் சேர்ந்த இரவுதான் நாடகம்.

இதற்கு நேரெதிரான ஒரு மரபு எங்கள் பகுதியின் பெயரைத் தாங்கியது. பல்லாவரத்துக்கு மேற்கே உள்ள பம்மல், 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அந்த ஊரைப் பெயரில் சுமந்தவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964). 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். படித்த கனவான்களை நடிகர்களாக்கி, பாட்டைக் குறைத்து, உரைநடை வசனத்தை நாடகத்தின் முதுகெலும்பாக்கியவர். அவரது நாடகங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு, அச்சிடப்பட்டு, ஒத்திகை பார்க்கப்பட்டவை. அவற்றைத் திரைக்குக் கொண்டுபோவதில் மூலம் எது என்ற குழப்பம் எழவில்லை. 'மனோகரா' 1936-இல் படமானபோது அவரே அரசனாக நடித்தார். 1954-இல் அதே கதை மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் வந்தது. அவரது 'சபாபதி' 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் கையில் படமாயிற்று. இவற்றில் வசனத்தை மாற்றினார்களா, கூட்டினார்களா என்று புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியும். வள்ளி திருமணத்தை அப்படி ஒப்பிட முடியாது. நேற்றிரவு வள்ளி சொன்ன பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

*

வள்ளி திருமணத்தின் பொற்காலம் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறிய ஆண்டுகள். செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்ச சுருதியில் பாடியவர். கரூர்ப் பக்கம் கொடுமுடியிலிருந்து வந்த சுந்தராம்பாளின் குரல் அதற்கு ஈடுகொடுத்தது. இலங்கை மேடைகளில் சந்தித்து, பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். வேலனும் வள்ளியுமாக அவர்கள் எதிரெதிரே நின்றது இரண்டு குரல்களின் போட்டியாகவே பார்க்கப்பட்டது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்துவிட்டிருந்தும் அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளில் மட்டுமே.

அந்த இசைத்தட்டுகளைத்தான் முதல் பிரிவினை என்பேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் மட்டுமே ஓடும் தட்டில் வேலனின் பாட்டு ஏறியது. அதற்கு முன்னால் இருந்த கேள்வியும் பின்னால் வந்த பதிலும் ஏற இடமில்லை. பாட்டு வாதத்திலிருந்து கழற்றப்பட்டு வீட்டுக்கு வீடு போயிற்று. மேடையைப் பார்க்காதவர்களும் பாட்டை அறிந்தார்கள். பின்னால் படம் எடுக்க வந்தவர்களுக்கு 'வள்ளி திருமணம்' என்றால் அந்தப் பாட்டுகளே என்றாகியிருந்தால் வியப்பில்லை.

சுந்தராம்பாளின் பயணம் இன்னும் விசித்திரமானது. கணவர் மறைந்தபின் வெண்ணுடை பூண்டு மேடையைத் துறந்த அவர், 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே தோன்றினார். ஆணோடு சேர்ந்து நடிப்பதில்லை என்பது அவர் உறுதி. அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் நம்பமுடியாத தொகை. பின்னர் 1953-இல் ஔவையார். மேடையில் வேலனை மடக்கிய வள்ளி, திரையில் பணிவே உருவான பக்தனாகவும் அறிவுரை சொல்லும் மூதாட்டியாகவும் மாறிப்போனாள். திரை அவருடைய குரலை நன்றாகவே பாதுகாத்தது. அவருடைய வள்ளியை அது ஒருபோதும் பதிவுசெய்யவில்லை.

*

வள்ளி திருமணம் முதலில் 1933-இல் படமாயிற்று. கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் முயற்சியில் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் வள்ளியாக நடித்தவர், 'காளிதாஸ்' படத்தின் நாயகியான டி.பி. ராஜலட்சுமி. அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். அக்காலத்தில் நடிப்பவரே கேமராவின் முன் பாடியாக வேண்டும். பாடல்கள் ஐம்பதை எட்டிய படங்களும் உண்டு. மேடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து படச்சுருளில் ஏற்றிய காலம் அது.

நாம் நின்று பார்க்கவேண்டிய படம் 1945-இல் மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீவள்ளி'. வேலனாக டி.ஆர். மகாலிங்கம், சோழவந்தான் அருகே தென்கரையைச் சேர்ந்தவர், சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் பாடியவர், கிட்டப்பாவின் பாணியைத் தொண்டையில் வாங்கிக்கொண்டவர். வள்ளியாகக் குமாரி ருக்மிணி. படம் பெருவெற்றி பெற்றது. 'காயாத கானகத்தே' மகாலிங்கத்தின் பாட்டாகவே இன்றுவரை அறியப்படுகிறது. கிட்டப்பா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் பாணிக்குத் திரையில் ஓர் உடல் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

வள்ளிக்கு என்ன கிடைத்தது? ருக்மிணி பாடியது மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. ஆகவே படத்தில் அவர் பாடியிருந்த பாடல்களை நீக்கிவிட்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலை ருக்மிணியின் உதட்டசைவோடு பொருத்தினார். மெய்யப்பனுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1938-இல் அவர் எடுத்த 'நந்தகுமார்' படத்திலேயே தாயாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடியிருந்தார். தொழில்நுட்ப வரலாற்றில் இவை பெருமைக்குரிய அடிகள். இன்றைய பின்னணிப் பாடல் கலை முழுவதும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. பெரியநாயகியின் குரலும் சாதாரணமானதல்ல. கேட்டவர்கள் மறக்கமுடியாத குரல். ஆனாலும் நாடகத்தின் உள்ளிருந்து பார்த்தால் இந்த மாற்றத்தில் ஒரு பொருள் இருக்கிறது. வேலன் தன் குரலில் பாடுகிறான். வள்ளி இன்னொருத்தியின் குரலில் பாடுகிறாள். மேடையில் அந்த நொடியில் பிறந்த தன் வார்த்தையால் தன்னைக் காத்துக்கொண்ட பெண்ணுக்கு, திரையில் தன் தொண்டையே தனக்கில்லாமல் போயிற்று.

உலகின் மறுகோடியில் இதேபோல் ஒன்று நடந்தது. 'மை ஃபேர் லேடி' 1956-இல் பிராட்வேயில் மேடையேறியபோது எலைசாவாக நடித்துப் பாடியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964-இல் படமானபோது அந்த வேடம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போயிற்று. அவர் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு மார்னி நிக்ஸன் குரல் கொடுத்தார். ஒரு பெண் தனக்கென ஒரு பேச்சைப் பெறும் கதையில் நாயகியின் குரல் கடன் வாங்கப்பட்டது. நம் வள்ளிக்கு அது பத்தொன்பது ஆண்டுகள் முன்பே நேர்ந்துவிட்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. படம் எடுப்பவரின் கையில் இருந்தது அளந்த சுருள். இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மிகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும் சுருளில் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். விடிய விடிய நடந்த நாடகத்தை அந்த நேரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் எதை விடுவது? மக்கள் இசைத்தட்டில் கேட்டுப் பழகிய பாட்டை விடமுடியாது. யானையை விடமுடியாது; திரையில் உண்மை யானை வருவதே ஒரு கவர்ச்சி. வாதம்தான் நெகிழக்கூடியது. அப்படியே சில வாதங்களை வைத்தாலும் அவை வசனகர்த்தா எழுதி, ஒத்திகை பார்த்து, கேமராவின் முன் சொல்லப்பட்டவை. மதுரையில் ஓடும் பிரதியிலும் கொழும்பில் ஓடும் பிரதியிலும் வள்ளி ஒரே பதிலைத்தான் சொல்வாள். சுவாமிகள் பால சபையில் விரும்பிய ஒழுங்கு திரையில் முழுமையாகக் கைகூடியது என்று கூடச் சொல்லலாம்.

1961-இல் டி.ஆர். ராமண்ணா எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் சிவாஜி கணேசன் முருகன், பத்மினி வள்ளி. இருவருக்கும் பின்னணிப் பாடகர்கள் பாடினார்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன் வேலனாக இருந்த மகாலிங்கம் இதில் நாரதராக வந்து தம் குரலிலேயே பாடினார். 1945-இல் வள்ளிக்கு நேர்ந்தது 1961-இல் வேலனுக்கும் நேர்ந்துவிட்டது. 1967-இல் ஏ.பி. நாகராஜனின் 'கந்தன் கருணை'யில் வள்ளியாக ஜெயலலிதா வந்தார். அதே படத்தில் ஔவையாராக வந்தவர் சுந்தராம்பாள். இருபதுகளின் மேடை வள்ளியும் அறுபதுகளின் திரை வள்ளியும் ஒரே படத்தில் இருந்தார்கள். அவர்களிடையே நாற்பது ஆண்டு இசை நாடக வரலாறு கிடந்தது.

தர்க்கம் திரையில் அடியோடு இறந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். அதாவது சுவாமிகளின் வழித்தோன்றல். அவரது 'திருவிளையாடல்' (1965) படத்தில் தருமி கேட்பதும் இறைவன் சொல்வதுமான அந்த வினாவிடை, ஸ்பெஷல் நாடக மேடையின் வாதத்திலிருந்து வந்த வாரிசு என்றே எனக்குத் தோன்றுகிறது. கேள்வியின் வேகம், பதிலின் குறுக்கம், கேட்பவன் அடுத்த கேள்விக்குத் தடுமாறும் சுவை எல்லாம் அங்கே இருக்கின்றன. சிவனும் சக்தியும் மோதும் பகுதியும் அதில் உண்டு. ஆனால் அவையெல்லாம் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறி, கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் ஒலித்து, நமக்கு மனப்பாடமானவை. மனப்பாடமான வாதத்தில் அழகு உண்டு. ஆபத்து இல்லை.

*

இந்த ஆபத்து என்ற சொல்லை நான் ஒரு மாணவரிடமிருந்துதான் புரிந்துகொண்டேன். தாம்பரம் பகுதிக் கல்லூரிகளில் தென்மாவட்டப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். இசை நாடகம் பற்றிய பாடத்தின்போது, ஊரில் வள்ளி திருமணம் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டேன். சிலர் கை தூக்கினார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் சொன்னார்: "விடிஞ்சதும் டீக்கடையில எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான் ஐயா. நேத்து யாரு ஜெயிச்சா, நாரதரா வள்ளியான்னு." அவர் பாட்டி வள்ளியின் கட்சி, தாத்தா நாரதர் கட்சியாம்.

திரையரங்கிலிருந்து வெளியே வருகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. படம் நன்றாக இருந்ததா என்று கேட்போம், பாட்டு எப்படி என்று கேட்போம். யார் ஜெயித்தார் என்று கேட்க அங்கே இடமில்லை. மேடைக்கும் திரைக்கும் உள்ள வேறுபாட்டை நூல்களில் தேடிய எனக்கு, அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

வள்ளியாக வரும் பெண்களை அந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். மேடையேறும் பெண் என்றால் ஊர் வாய் சும்மா இருந்ததில்லை. வீடு வாடகைக்குக் கிடைப்பதிலும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவதிலும் அந்தத் தொழிலின் பெயர் குறுக்கே நின்றது. அதே பெண் இரவு ஒரு மணிக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நாரதர் வேடத்தில் நிற்கும் ஆணிடம் "அப்படியானால் இதற்குப் பதில் சொல்லும்" என்று கேட்டாள். அவளை இடைமறிக்க எவருக்கும் உரிமை இல்லை. கைதட்டு அவளுக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. பகலில் கிடைக்காத மரியாதையை அவள் நாக்கு இரவில் சம்பாதித்தது. இதைத் திரையால் தரமுடியவில்லை. திரையிலும் நடிகைகள் புகழும் பொருளும் பெற்றார்கள். அந்தப் புகழ் முகத்துக்கும் குரலுக்கும் கிடைத்தது, மறுமொழிக்குக் கிடைத்ததல்ல.

திரையின் கொடையையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மகாலிங்கத்தின் பாட்டு இல்லையென்றால் கிட்டப்பாவின் பாணி எப்படி இருந்திருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. சுவாமிகளின் பெயரை அறியாத தலைமுறையும் அவர் பாட்டை முணுமுணுக்கிறது என்றால் அதற்குக் காரணம் திரை. மேடை இரவுகள் விடியலோடு கரைந்துவிட்டன. ஆயிரக்கணக்கான வள்ளிகள் சொன்ன பதில்களில் ஒன்றுகூட எழுதி வைக்கப்படாமல் போயின. நிலைப்பதற்காகத் திரை ஒன்றை விட்டுக்கொடுத்தது. உயிரோடு இருப்பதற்காக மேடை ஒன்றை விட்டுக்கொடுத்தது. இரண்டு இழப்புகளும் உண்மையானவை.

ஆனால் ஆராய்ச்சியாளர்களாகிய நாம் பாட்டையே மூலமென்று எண்ணி, வாதத்தை இடைநிரப்பி என்று ஒதுக்கி வந்திருக்கிறோம். சுவாமிகளின் நாடக நூல்களைப் பதிப்பிக்கிறோம். அவற்றில் வாதம் சிறிதளவே இருக்கும். இன்று வள்ளி திருமண இரவுகள் கைப்பேசிகளில் பதிவாகி யூடியூபில் மணிக்கணக்காகக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டுக்காகவோ பபூன் காமிக்குக்காகவோ தேடுகிறார்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களிடம் நான் சொல்லிவருவது, நாரதரும் வள்ளியும் பேசும் அந்த நீண்ட பகுதியை ஓடவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள் என்பதுதான். யார் எந்த நூலிலிருந்து மேற்கோள் எடுக்கிறார், எந்த இடத்தில் மடக்குகிறார், எந்தப் பதிலுக்குக் கூட்டம் எழுகிறது என்று எழுதி வையுங்கள். வள்ளி பேசியதை முதன்முறையாகப் பிடித்துவைக்கும் வாய்ப்பு இப்போதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.